ஒரே ரெப்போ, மூன்று லைசென்ஸ்: நாலு வருட அனுபவம்

எங்கள் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தபோதுதான் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒருவர் தன் ரெப்போவில், அதாவது நிரல் தொகுப்பில், போட்டு வைத்திருந்த இந்தக் குறியாக்க மாற்றி கண்ணில் பட்டது. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று சேமித்திருப்பார்கள். யூனிகோடில் மெய்யெழுத்து முதலில் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை நான் முயன்று பார்த்த மற்ற கருவிகளைவிட இது ஒழுங்காகச் செய்கிறது. ஒரே குறை, பழைய கோப்புகளில் 'பௌர்ணமி'யை ளகரம் போட்டு 'பெளர்ணமி' என்று அடித்திருந்தால் அப்படியே விட்டுவிடும். அடித்தவர் தவறுதான், இருந்தாலும் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும்.

சங்க வேலையோடு நின்றிருந்தால் லைசென்ஸ் பக்கமே நான் போயிருக்க மாட்டேன். ரெண்டாவது வருடம் சிங்கப்பூர் ஊபியில் இருக்கும் எங்கள் ஆபீஸில் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்த மென்பொருளில் இதைச் சேர்த்தேன். என்னென்ன நிரல்கள் உள்ளே இருக்கின்றன, எந்த உரிமத்தில் என்று அவர்கள் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் போட உட்கார்ந்த தம்பி கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, "அண்ணே, இது ஜிபிஎல்லா, ஐஎஸ்சியா, எம்ஐடியா?" என்றான்.

மூன்றுமே திறமூல நிரல்களுக்குக் கொடுக்கும் உரிமங்கள், மூன்றும்தான் இருந்தன. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் அடியில் வெறுமனே 'ஜிபிஎல்'. தொகுப்பின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசானில் ஐஎஸ்சி, அது மாற்றியை எழுதியவர் தேர்ந்தெடுத்ததே இல்லை, அந்தக் கோப்பை உருவாக்கும் என்பிஎம் இனிட் கட்டளையைக் கொடுத்து என்டரைத் தட்டிக்கொண்டே போனால் தானாக வந்து உட்காருவது. எங்கிருந்தோ எடுத்த ரெண்டு கோப்புகளின் தலையில் எம்ஐடி. லைசென்ஸ் என்று தனிக் கோப்பு மட்டும் கிடையாது.

ஜிபிஎல் என்றால் விற்கக் கூடாது என்று ஆபீஸில் ஒருவர் பயமுறுத்தினார், அது தவறு. விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கு மூல நிரலும் அதே உரிமத்தில் போக வேண்டும். எந்தப் பதிப்பு என்று எழுதாவிட்டால், ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் வெளியிட்ட எந்தப் பதிப்பையும் நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று 1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. ஐஎஸ்சி, எம்ஐடி என்றால் பதிப்புரிமை அறிவிப்பை அப்படியே வைத்திருந்தாலே போதும். எங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. சரி, மூன்றையும் ஒதுக்கிவிட்டு உரிமமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் நிரலும் இலக்கியப் படைப்புக் கணக்குதான், பதிவு செய்யாமலே பாதுகாப்பு உண்டு. கிட்ஹப்பில் பொதுவில் கிடப்பதால் பார்க்கலாம், தளத்துக்குள்ளேயே நகலெடுத்து ஃபோர்க் செய்யலாம், அதற்கு மேல் அனுமதி என்று எதுவும் கிடைப்பதில்லை.

எழுதியவரிடம் கேட்டு ரெப்போவிலேயே இஷ்யூ, அதாவது ஒரு கேள்விக் குறிப்பு, போட்டேன். மூன்று வாரம் கழித்து, "பகிரத்தானே போட்டேன், தாராளமா எடுத்துக்கோங்க" என்று பதில் வந்தது. நல்ல மனிதர், ஆனால் அந்த வார்த்தையை வாடிக்கையாளரிடம் எப்படிக் காட்டுவது? தவிர, உள்ளே இன்னும் ஒன்பது பேரின் கைவேலை இருந்தது. அவரவர் எழுதியது அவரவருக்குச் சொந்தம், வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் பெரும்பாலும் முதலாளிக்கு. அதைச் சொன்னதும் ஒன்பது பேரையும் கூப்பிட்டு எம்ஐடிக்குச் சம்மதமா என்று அவரே கேட்டார். ஏழு பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர் ஆபீஸில் கேட்க வேண்டும் என்றார், அதற்கு ரெண்டு மாதம். இன்னொருவரின் கணக்கே இல்லை, அவர் எழுதிய, டாப் என்ற இன்னொரு பழைய குறியாக்கத்துக்கான அட்டவணையை எடுத்துவிட்டு, பழையதைப் பார்க்காமல் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அந்த ரெண்டு மாதமும் நாங்கள் இதைக் கழற்றி வைத்துவிட்டு, மாற்ற வேண்டியதைக் கையால் மாற்றினோம், அந்தக் கொடுமையை விடுங்கள்.

இப்போது லைசென்ஸ் கோப்பு இருக்கிறது, ஒவ்வொரு நிரல் கோப்பின் முதல் வரியிலும் உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் குறிப்பு இருக்கிறது, பேக்கேஜ்.ஜேசானும் அதையே சொல்கிறது. சோதனைக்கு வைத்திருந்த சொற்பட்டியல் மட்டும் வணிகத்துக்கு ஆகாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, அதைத் தனி ரெப்போவாகப் பிரித்துவிட்டார். நீங்கள் எடுத்தால் அதைத் தொடாதீர்கள், நிரல் ஓட அது தேவையில்லை.

அப்புறம் அந்த 'பெளர்ணமி'க்கு நானே ஒரு திருத்தம் எழுதி முடித்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அனுப்பவில்லை, ஆபீஸ் நேரத்தில் எழுதியது, முதலாளியின் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கிறேன்.