பாத்திரக்கடையில் ஒரு சவுண்ட் பாக்ஸ்: தீபாவளி வியாபாரத்துக்குக் கைகொடுக்கிறதா?

மன்னார்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகலை போன வாரம் கேட்டார்: "அண்ணா, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டியை வெகுநாளாக வைத்திருக்கிறீர்களே, தீபாவளிக்கு முன்னால் நானும் ஒன்று வாங்கட்டுமா?" போனில் சுருக்கமாகப் பதில் சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தை விரிவாக எழுதினால் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

எங்கள் கடை கும்பகோணத்தில். எவர்சில்வர், பித்தளை, வெண்கலம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. கல்யாண முகூர்த்தங்களை விட்டால் எங்களுக்கு வியாபாரம் என்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக் கடைசி, அவ்வளவுதான். தீபாவளிக்கு முறுக்கு அச்சும் எண்ணெய்ச் சட்டியும் தலைத்தீபாவளிச் சீரும், கார்த்திகைக்கு விளக்கு, பொங்கலுக்கு வெண்கலப் பானை. அந்தச் சில வாரங்களில் கல்லா நிறைந்தால்தான் மற்ற மாதங்களுக்குக் கடை வாடகை கட்ட முடியும்.

காவிரி டெல்டாவில் தீபாவளி வியாபாரம் பெரும்பாலும் குறுவை நெல் அறுவடைப் பணத்தை நம்பியது. ஜூன் 12 என்ற வழக்கமான தேதியில் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் தடையில்லாமல் வந்தால், புரட்டாசியில் அறுவடை. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே இழுபறி. எல்லாம் முடிந்து வரும் பணம் விவசாயியின் கைக்கு வருவதில்லை, வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. வலங்கைமானிலிருந்தோ குடவாசலிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவரின் கணக்கில் பணம் இருக்கும், சட்டைப்பையில் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஏடிஎம் வாசலில் வரிசை நிற்கும், மாலைக்குள் அதிலும் பணம் தீர்ந்துவிடும். விளக்கை எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு "இதோ எடுத்து வருகிறேன்" என்று போனவர்களில் பாதிப்பேர் திரும்பியதில்லை. யுபிஐ வந்த பிறகு அந்த இழப்பு நின்றது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் எதுவும் பிடிப்பதில்லை என்பது கூடுதல் நிம்மதி.

அது கியூஆர் அட்டையின் பெருமை. பெட்டியின் பெருமை வேறு. 2022 தீபாவளிக்கு முன் இதை மாத வாடகைக்கு வாங்கியதிலிருந்து என் இரண்டு கைகளும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. ஒரு கை தராசில் இருக்கும்போது, மறு கை பழைய பித்தளைக்குக் கழிவு எழுதிக்கொண்டிருக்கும்போது, மூக்குக்கு நேரே போனை நீட்டி "பாருங்கள், அனுப்பிவிட்டேன்" என்று ஒருவர் நிற்பார். அந்தத் திரையை நம்பலாமா, அது பழைய படமா என்று கண்ணாடியைத் தேடுவதற்குள் பின்னால் நிற்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இப்போது பெட்டி சொன்னால் பை கைமாறுகிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் இதில் உண்டு. கடையின் பின்கட்டில் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர் உட்கார்ந்திருக்கிறார். பணம் கட்டிய பிறகுதான் பெயர் வெட்ட வேண்டும். வெட்டிய பாத்திரத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. முன்பெல்லாம் சீட்டு எழுதி, பையனிடம் கொடுத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே அனுப்ப வேண்டும். இப்போது பாத்திரமும் பெயர்ச்சீட்டும் தொகையோடு முதலிலேயே அவரிடம் போய்விடுகின்றன. பெட்டி தொகையைச் சொன்னதும் அவர் சீட்டைப் பார்ப்பார், இயந்திரம் உர்ரென்று ஓடத் தொடங்கும். வாடிக்கையாளர் பில்லை மடித்துப் பையில் வைப்பதற்குள் "சீ. மீனாட்சி, பாபநாசம்" என்று விளிம்பில் எழுத்து விழுந்திருக்கும். ஒரு மாலையில் எத்தனை பேரைக் கூடுதலாக அனுப்ப முடிகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

சரி, இனி என் கோபம்.

இந்தப் பெட்டி தொகையைச் சொல்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறது. துணிக்கடையில் விலைச்சீட்டு தொங்கும், அங்கே பரவாயில்லை. பாத்திரக்கடையில் விலை என்பது எடை, கூலி, பழைய பித்தளைக்கு எவ்வளவு கழித்தோம், வந்தவர் எத்தனை தலைமுறை வாடிக்கை என்று எல்லாம் சேர்ந்தது. அப்பா காலத்திலிருந்து வருகிற ஒருவருக்கு இரண்டடி விளக்கு ஜோடியைக் குறைத்துக் கொடுத்தேன். பெட்டி அந்தத் தொகையை அறிவித்தது. அதே ஜோடியைக் கையில் வைத்திருந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவரிடம் நான் சொன்ன விலையும் நியாயமானதுதான், ஆனால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டுப் பொங்கல் சீரும் அவரோடு போயிற்று.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தலைத்தீபாவளிச் சீர் வாங்க வரும் பெண்ணின் அப்பாவை நினைத்துப் பாருங்கள். சில நேரம் சம்பந்தி வீட்டாரும் கூடவே வருவார்கள். மனிதர் தன் சக்திக்கு ஏற்றபடி பார்த்துப் பார்த்து எடுத்து, ஓரமாக வந்து மெல்லிய குரலில் கணக்கைக் கேட்டு, போனில் அனுப்புகிறார். உடனே பெட்டி உரக்க, "பதினொன்றாயிரத்து நானூறு ரூபாய் பெறப்பட்டது." சம்பந்தி அம்மாள் திரும்பிப் பார்க்கிறார். அந்த அப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். சீரின் விலையைச் சபையில் சொல்லும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? "பணம் வந்தது" என்று மட்டும் சொல்ல வைக்க வழியுண்டா என்று பெட்டி கொடுத்த நிறுவனத்திடம் பலமுறை கேட்டேன். என்னிடம் இருக்கும் மாடலில் முடியாதாம். ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். குறைத்தால் பெரிய கடைத்தெரு இரைச்சலில் எனக்கே கேட்காது, பின்கட்டுக்கு எப்படிக் கேட்கும்? இப்போது சீர் வாங்குகிறவர்கள் வந்தால் நானே முந்திக்கொண்டு ஒலியைத் தணித்து, போனில் பார்த்து உறுதி செய்கிறேன். பெட்டி வாங்கியதே போனைப் பார்க்காமல் இருக்கத்தான்.

மற்றவை சின்னக் குறைகள். மழை மாலையில் சிக்னல் நெரிந்தால் அறிவிப்பு தாமதமாகும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் புதுப் போனில் யுபிஐ பதிந்திருந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது, ஆனால் வெண்கலப் பானையைத் தூக்கி வைத்த பிறகு தெரிந்தால் எல்லோருக்கும் சங்கடம். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பேட்டரி விஷயம் சின்னக் குறை அல்ல. ஐப்பசியில் கரண்ட் போகும் ஊர் இது. சார்ஜரைப் பிடுங்கினால் சிறிது நேரத்திலேயே பெட்டி ஊமையாகிவிட்டது. புகார் கொடுத்தேன், வந்தார்கள், எடுத்துப் போனார்கள். ஆயுத பூஜைக் கூட்டம் முழுவதும் பெட்டி இல்லாமல் ஓட்டினேன். பேட்டரி மாற்றித் திருப்பிக் கொடுத்தபோது பணம் வாங்கவில்லை, வந்த பையனும் மரியாதையாகப் பேசினான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெட்டி என்னிடம் இல்லாத அந்த நாள்களுக்கும் மாத வாடகையைக் கணக்கிலிருந்து முழுதாகப் பிடித்திருக்கிறார்கள். கேட்டால், அது தானாகப் பிடிக்கப்படுவது என்கிறார்கள். தானாகப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத் தானாகத் திருப்பித் தரவும் தெரிய வேண்டும். நூற்றுச் சொச்சம் ரூபாய்தான். ஒரு ரூபாய் சில்லறை இல்லாவிட்டால்கூட வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு மிட்டாய் கொடுக்கிற கடைக்காரனிடம் இப்படிப் பேசக்கூடாது.

கணக்குப் பார்த்தால் சகலைக்கு இது பொருத்தமான பெட்டி. ஒரே விலைக் கடை, சீர்ச் சங்கடம் குறைவு, தீபாவளிக் கூட்டம் எங்களைவிட அதிகம். இருந்தும் நான் போனில் சொன்னது: "இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். மகனைக் கல்லாப் பக்கத்தில் போனோடு உட்கார வையுங்கள்." இதை எழுதும்போதும் பதிலை மாற்ற மனம் வரவில்லை. பிடித்த வாடகை என் கணக்குக்குத் திரும்பினால் பொங்கலுக்கு முன் மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.