பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசி: திருப்பூரிலிருந்து ஒரு தாயின் மதிப்பீடு

2022 ஜூன் 13 அன்று பள்ளிகள் திறந்துவிட்டன. என் மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் வீதியில் இந்த ஆண்டு 12 வயது நிறைகிற பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். குழாயடியில் பார்க்கும்போதெல்லாம் அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: “பள்ளியிலேயே கொரோனா ஊசி போட்டார்களே, எப்படி இருந்தது? நம்பி அனுப்பலாமா?” குடம் நிறைவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. பார்த்ததைப் பார்த்தபடி இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசியைப் பள்ளி பள்ளியாக வந்து போட்டார்கள். 9 மாதக் குழந்தை முதல் 15 வயது வரை எல்லாருக்கும். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஊசி போட்டால் பிள்ளைகள் முடங்கிப்போவார்கள் என்று ஒரு பெண் அழுதபடி பேசினாள். அவள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அழுகையை நம்பினேன். முகாம் அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொன்னேன். அவளும் ஒன்றாம் வகுப்பு படித்த மகனை அனுப்பவில்லை.

மறு வருடம் அந்தப் பையனுக்குத் தட்டம்மை வந்தது. என் மகள் தப்பித்தாள். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று அவன் இருட்டு அறையில் கிடந்த நாட்களில் அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழைத்து எழுந்துவிட்டான். ஆனாலும் அந்த வாரம் என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. ஒரு தாய் இன்னொரு தாய்க்கு ஊசியைப் பற்றிச் சொல்லும் வார்த்தை எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பெரியவர்களுக்கு ஊசி வந்தபோது பட்ட பாடு வேறு. 18 முதல் 44 வயது வரையுள்ளவர்களுக்கான தடுப்பூசியை 2021 மே 20 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தது எங்கள் திருப்பூரில்தான். பெருமையாக இருந்தது. ஆனால் மருந்து போதவில்லை. நான் போன மையத்தில் டோக்கனுக்காக விடியற்காலை மூன்று மணிக்கே வரிசை நின்றது. முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்து, கொரோனாவை இங்கேயே வாங்கிக்கொண்டு போவோம் போலிருக்கிறது என்று பயந்தேன். மூன்றாம் நாள்தான் டோக்கன் கிடைத்தது. என்ன ஊசி, அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, “நகருங்கள், நகருங்கள்” என்பதுதான் பதில். என் மாமியார் சர்க்கரை நோயாளி. ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் இறந்துபோனதிலிருந்து, ஊசி என்றாலே கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பின்னால் சொன்னது. அதற்குள் எத்தனை முதியவர்கள் போடாமலே இருந்துவிட்டார்களோ. மாமியாருக்கு ஒருவழியாகச் செப்டம்பர் 12 மெகா முகாமில்தான் போட்டோம்.

இந்த அனுபவங்களோடுதான் மகளின் முகாமுக்குப் போனேன். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச் 16 அன்று நாடு முழுக்க ஊசி தொடங்கியது. மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. எங்கள் மாநகராட்சிப் பள்ளியில் வகுப்பாசிரியர் அன்றைக்கே சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்தார். “வீட்டில் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேள்வி இருந்தால் சிஸ்டரைக் கேளுங்கள்” என்றார். சுகாதார நிலையத்து நர்ஸ் ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெற்றவர்களின் கேள்விக்கென்றே ஒருவரை உட்கார வைத்ததை நான் அதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை.

கூட்டம் குறையும் வரை காத்திருந்து பக்கத்தில் போனேன். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“சிஸ்டர், பெண் பிள்ளை. இன்னும் பெரியவளாகவில்லை. பின்னால் குழந்தைப் பேற்றுக்கு ஏதாவது ஆகுமா?”

அவர் சிரிக்கவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. “உட்காருங்கள் அம்மிணி. கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலை ஊசி போட்டீர்களே, அதே முறையில் செய்த மருந்து இது. கிருமியின் மேல்பக்கத்தில் இருக்கிற ஒரு புரதத்துண்டை மட்டும் ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள். கிருமியே இதற்குள் இல்லை. கை வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். பெரியவளாவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.”

“போட்டால் கொரோனா வரவே வராதா?”

“வரலாம். வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகும் ஆபத்து குறையும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கும் போட்டுவிட்டீர்களா?”

‘வரவே வராது’ என்று அவர் சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். ‘வரலாம்’ என்றதால் அவர் சொன்ன மற்றதையும் நம்பினேன். அந்த இடத்திலேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை முகாம். அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனேன். நான் பவர் டேபிள் என்கிற சிறு தையல் கூடம் ஒன்றில் 14 வருடமாக ஓவர்லாக் தைக்கிறவள். எங்கள் தொழிலில் மிஷின் ஊசி உடைந்தால் லேசில் விடமாட்டார்கள். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, மேற்பார்வையாளர் சரிபார்த்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஏற்றுமதிக்குப் போகிற குழந்தைகள் உடுப்பென்றால் பெட்டியில் அடுக்கும் முன் உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் ஓட்டியாக வேண்டும். எங்கோ இருக்கிற ஒரு குழந்தையின் தோலில் ஊசித்துண்டு குத்திவிடக் கூடாதென்று அவ்வளவு கவனம். அதனால் நர்ஸின் முகத்தை விட்டுவிட்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய நீலப் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தார். ஹைதராபாத்தில் பயாலஜிக்கல் இ நிறுவனம் தயாரித்த கோர்பிவேக்ஸ். ஒரு குப்பியில் 20 பேருக்கான மருந்து. திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே பேனாவால் எழுதினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் உறை பிரிக்காத புது சிரிஞ்சு. உறையைப் பிள்ளையின் கண்முன்னே கிழித்தார். ஒருமுறை முழுதாக அழுத்தினால் பூட்டிக்கொள்கிற சிரிஞ்சு அது, இன்னொருவருக்குப் போட நினைத்தாலும் முடியாது. போட்டு முடித்ததும் மேசையிலிருந்த சிறு கருவிக்குள் ஊசி முனையை நுழைத்து நறுக்கினார். டிக் என்று ஒரு சத்தம். எழுபது எண்பது பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு முறைகூட அந்த ‘டிக்’ தவறவில்லை. எங்கள் கம்பெனியில் நான் மதிக்கிற கைகள் இரண்டு மூன்றுதான். இந்த நர்ஸின் கை அந்த வரிசையில் சேர்ந்தது.

இந்த மருந்தைப் பற்றிப் பிறகு படித்தேன். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலேனா போட்டாசி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழு உருவாக்கியதாம். காப்புரிமை கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற எனக்கு அந்தச் செய்தி மனதைத் தொட்டது.

இனிக் குறைகள். முதலாவது, வெறும் வயிறு. முகாம் காலை பதினொரு மணிக்கு. எங்கள் பகுதியில் பெற்றவர்கள் இருவருமே எட்டு மணிக்கு ஷிப்டுக்குப் போய்விடுவோம். பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் டீயோடு வருகிறவர்கள்தான். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நின்றிருந்த ஒரு பெண் பிள்ளை, ஊசியைக் கண்டதுமே முகம் வெளுத்துச் சரிந்தாள். நர்ஸ் பதறவில்லை. தரையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கண் விழித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அதைப் பார்த்த இரண்டு பிள்ளைகள் ‘ஊசி போட்டதும் விழுந்துவிட்டாள்’ என்று வெளியே ஓடிப்போய்ச் சொன்னார்கள். அவளுக்கு அதுவரை ஊசியே போடவில்லை! வதந்தி இப்படித்தான் பிறக்கிறது. மாலைக்குள் அந்தச் செய்தி எங்கள் கம்பெனி வரைக்கும் வந்துவிட்டது.

இரண்டாவது குறைதான் எனக்கு ஆறவே இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளை அரை மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வைக்க வேண்டும், அது சரியான ஏற்பாடு. உட்கார வைத்த இடம்தான் தவறு. ஜன்னல்கள் மூடிய அறை. நாற்பது பிள்ளைகள், தோளோடு தோள். பின்பக்கம் நிட்டிங் கம்பெனி இருப்பதால் சத்தமும் பஞ்சும் வருகிறதென்று அந்த ஜன்னல்களை எப்போதுமே திறப்பதில்லையாம். முகக்கவசம் பாதிப் பேருக்குத் தாடையில் தொங்கியது. வாசலில் வெப்பமானித் துப்பாக்கி, கைக்குக் கிருமிநாசினி, தரையில் பெயின்ட் வட்டங்கள் எல்லாம் இருந்தன. 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகள் திறந்ததிலிருந்து இவையெல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கின்றன. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளையின் நெற்றியைச் சுட்டுப் பார்த்து, சூடு அதிகம் என்று மரத்தடியில் நிறுத்தி மறுபடி பார்க்கிற அளவுக்கு ஒழுங்கு. ஆனால் இந்த நோய் பரவுவது மூச்சுக் காற்றில். எங்கள் தையல் கூடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனால் கால் மணி நேரத்தில் டியூப் லைட்டைச் சுற்றிப் பஞ்சு மிதப்பது கண்ணுக்கே தெரியும். பூட்டிய வகுப்பறையில் மூச்சுக் காற்றும் அப்படித்தான் தேங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.

நானும் வகுப்பாசிரியரும் சேர்ந்து அந்த ஜன்னல்களைத் திறந்தோம். ஒன்றின் தாழ்ப்பாள் துருவேறி அசையவே இல்லை. பையில் இருந்த தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, ஸ்கேலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. காற்று வந்தது. பஞ்சும் கொஞ்சம் வந்தது. பஞ்சுக்குக் கொசுவலை அடித்துக்கொள்ளலாம், காற்றுக்கு வேறு வழி கிடையாது.

மகளுக்கு அன்று இரவு கை வலித்தது. மறுநாள் லேசான காய்ச்சல், ஒரு பாரசிட்டமால். அதற்கடுத்த நாள் வழக்கம்போல் தம்பியோடு சண்டை.

28 நாள் இடைவெளி முடிந்து ஏப்ரல் கடைசி வாரம் இரண்டாவது ஊசி. இந்த முறை முந்தின நாளே, ‘காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்’ என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். சாப்பிடாமல் வந்தவர்களுக்கு ஆசிரியர்கள் தங்கள் கைக்காசில் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தார்கள். யாரும் மயங்கி விழவில்லை. கண்காணிப்பு வேப்பமரத்தடியில். சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். சான்றிதழில் மட்டும் மகளின் பிறந்த ஆண்டு 2009க்குப் பதில் 2008 என்று வந்தது. பதிவு செய்தவரின் கைப்பிழை. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் இணையதளத்தில் நாங்களே திருத்திக்கொண்டோம். நீங்களும் மையத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், ஊசி போட்ட கைக்கும் பதில் சொன்ன வாய்க்கும் ஐந்து. முகாமுக்கு நான்கு. பள்ளியின் அன்றாடப் பாதுகாப்புக்கு இரண்டுதான் தருவேன். எட்டாம் வகுப்பு அறையின் ஜன்னல்கள் இந்த ஜூனிலும் மூடியே கிடக்கின்றன. போன வாரம் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னேன். கொசுவலைக்கு அளவெடுத்து வந்திருக்கிறேன். துணி எங்கள் பெற்றோர்கள் வாங்கித் தருகிறோம், தைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வருகிற ஆகஸ்டில் 12 நிறைகிறது. குழாயடியில் அவன் அம்மா, “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டாள். ஐந்து வருடத்துக்கு முன்பும் இதையேதான் கேட்டாள். “போடு. நானும் கூட வருகிறேன்” என்றேன். அன்றைக்கும் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். காலையில் அவனுக்கு நான்கு இட்லியாவது கொடுத்துக் கூட்டி வா என்று சொல்லியிருக்கிறேன்.