ஆறரை நிமிட டிரெய்லரில் ஒரே ஒரு அலறல்

'சைக்கோ' என்றதும் மிஷ்கின் படத்தை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது 1960இல் வந்த, இயக்குநர் ஹிட்ச்காக்கின் படம். அதிலும் படத்தைப் பற்றியல்ல, அதன் டிரெய்லரைப் பற்றி. நான் கோபியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். மூன்று நிமிட டீசரையே "கொஞ்சம் இழுக்குதுங்க" என்று திருப்பி அனுப்புகிறவர்களோடுதான் என் பிழைப்பு. இந்த டிரெய்லர் ஆறரை நிமிடம் ஓடுகிறது, எங்கேயும் தள்ளிவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

படத்தில் வரும் காட்சி ஒன்றுகூட இதில் கிடையாது. குளியலறைக் கொலையை ஒரு வாரம் படம் பிடித்தார்கள். திரையில் அது முக்கால் நிமிடம்தான். வேறு யாராக இருந்தாலும் அதில் நாலு துண்டு எடுத்து டிரெய்லரில் ஒட்டியிருப்பார்கள். ஹிட்ச்காக் அதைத் தொடவேயில்லை. கோட்டு சூட்டோடு தானே வந்து நிற்கிறார். பக்கத்தில் மோட்டல் என்கிற சாலையோரத் தங்கும் விடுதி, மேட்டில் ஒரு பழைய வீடு. இடம் காட்ட வந்த வீட்டு புரோக்கர் மாதிரி அறை அறையாகக் கூட்டிப் போகிறார். 1955 முதல் தொலைக்காட்சியில் வந்து குறும்பு பேசிய முகம் என்பதால் அமெரிக்க ரசிகர்களுக்கு அவரை அறிமுகம் செய்யவேண்டிய தேவை இருக்கவில்லை.

கேமரா அவர் சொன்னதைக் கேட்கிறது. அவர் நடந்தால் கூடவே போகிறது, விரல் நீட்டினால் அந்தப் பக்கம் திரும்புகிறது. ஷாட்டுகள் நீளம், வெட்டு குறைவு. படிக்கட்டில் ஒருவர் விழுந்து செத்ததை விவரிக்கும்போது கைகளை முறுக்கிக் காட்டுகிறார், அவ்வளவுதான். சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் என்று ஆரம்பிப்பார், சொல்லாமலே அடுத்த அறைக்குக் கிளம்பிவிடுவார். கழிப்பறை மூடியைத் தூக்கி, முக்கியமான தடயம் இங்கேதான் கிடைத்தது என்பார். எட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. குளியலறை பளிச்சென்று இருக்கிறது. எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள், ரத்தத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். வெள்ளைச் சுவரில் ரத்தத்தைப் பூசிக்கொள்வது நம் வேலை.

அப்புறம்தான் அந்தத் திரை. ஷவர் திரையைச் சட்டென்று விலக்குகிறார். ஸ்கிரீன் முழுக்க ஒரு பெண்ணின் முகம், அலறல், படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் கீறல். அதுவரை சேர்த்து வைத்திருந்த வேகம் மொத்தத்தையும் அந்த ஒரு இடத்தில் கொட்டுகிறார். எடிட்டராக இதற்கு முழு மார்க் போடுகிறேன். இப்போது வரும் கிரைம் டிரெய்லர்களில் வினாடிக்கு ஒரு இடி, எது பெரிய இடி என்றே தெரிவதில்லை.

ஆனால் அந்த முகம் யாருடையது? படத்தில் ஷவரில் சாகிறவர் ஜேனட் லீ. டிரெய்லரில் அலறுகிறவர் வேரா மைல்ஸ். லீ அன்றைக்குக் கிடைக்காததால் மைல்ஸுக்குப் பொன்னிற விக் மாட்டி நிறுத்தினார்கள். மைல்ஸ் படத்தில் அக்காவைத் தேடி அந்த வீட்டுக்குள்ளேயே போகிற தங்கை, துணிச்சலான பாத்திரம். டிரெய்லரில் அவருக்குக் கிடைத்தது ஒரு அலறல், வசனம் ஒரு வரி இல்லை. ஆறு நிமிடமும் பேசுகிறவர் ஆண். மற்றபடி பெண் என்று வருவதெல்லாம் மெத்தையில் விழுந்த பள்ளமும் அலமாரியில் தொங்கும் துணிகளும்தான்.

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் சடங்கு என்றால் மாப்பிள்ளையின் அக்கா தங்கைக்குத்தான் முக்கிய இடம். டீசரில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு ஸ்லோ மோஷனில் நடப்பதற்கு இருபது வினாடி, பொண்ணு திரும்பிப் பார்த்துச் சிரிக்க நாலு வினாடி. ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "ஏங்கண்ணு, எம்பட புள்ள இணைச்சீருக்கு உக்காந்தது வரவேயில்லையே?" மாப்பிள்ளைக்குப் பிடித்த பாட்டு அந்த இடத்தில் வருகிறது, அதனால் எடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

டிரெய்லரில் எனக்கு ரொம்ப உறுத்திய இடம் அலறல் அல்ல. மோட்டல் ஆபீஸ் வாசலில் நின்று ஹிட்ச்காக், அந்த மோட்டலை நடத்துகிற, அம்மாவுக்கு அடங்கிய மகனுக்காக இரக்கப்படுகிறார். பாவம், கிட்டத்தட்ட வெறி பிடித்த ஒரு பெண்ணின் பிடியில் கிடந்தால் யாருக்குத்தான் புத்தி பிசகாது என்கிற தொனியில் பேசிவிட்டு, சரி உள்ளே போவோம் என்கிறார். படம் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட புளுகு என்று தெரியும். அந்தப் புளுகு செல்லுபடியானதற்குக் காரணம் கேமரா அல்ல, நாம்தான். மகன் கெட்டுப்போனால் அம்மா வளர்ப்பு சரியில்லை, மருமகள் அழுதால் மாமியார் வேலை என்று எந்தத் திண்ணையிலும் ஆதாரம் கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள் போல. ஹிட்ச்காக் அந்த நினைப்பை மாற்றப் பார்க்கவில்லை, அதையே தூண்டிலில் மாட்டி டிக்கெட் விற்றார். கெட்டிக்காரத்தனம்தான், எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்கள் முதலில் டிரெய்லரைப் பாருங்கள், கதை ஒன்றும் கெட்டுப்போகாது. பார்த்தவர்கள் அந்த வாசல் பேச்சுக்காகவே இன்னொரு முறை ஓட்டுங்கள். சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. மனிதர் பாதி வாக்கியத்தை வாய்க்குள்ளேயே முழுங்குகிறார்.