பழைய டட்சன், மிஸ்ஸிங், காணாமல் போன கார்புரேட்டர்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈப்போ பக்கம் பழைய கார்களுக்கென்றே பலகை மாட்டிய ஒரு பட்டறையில் 1,940 வெள்ளி கொடுத்தேன். கோளாறு போகவில்லை. காரில் இருந்த நல்ல கார்புரேட்டர்தான் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் சாமான்) போனது. புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

கார் 1977-ம் ஆண்டு டட்சன் 120ஒய். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கியது. ஏ12 இன்ஜின், 1171 சிசி, பாயிண்ட் (கரண்டை வெட்டி வெட்டி விடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புவது), ஹிட்டாச்சி கார்புரேட்டர். எல்லாம் கார் வந்தபோது இருந்தவை.

ஐடிலில் (கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஒரு பிசகும் கிடையாது. சமமான ரோட்டில் 60, 70-ல் பெடலை லேசாக வைத்துப் போகும்போதுதான் மிஸ்ஸிங் வரும், அதாவது இன்ஜின் விட்டுவிட்டு ஓடும். நாலைந்து தடவை வெட்டி இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஓடும். பெடலை முழுக்க மிதித்தால் சுத்தமாகப் போகும். மேட்டில் அருமையாக ஏறும். செம்பனை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிதானமாகப் போனால் மறுபடி ஆரம்பிக்கும். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று தாளில் எழுதியே கொடுத்தேன். பட்டறை முதலாளி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதோடு சரி.

“பழைய காடி லா பாஸ், கார்ப் அடைச்சிருக்கும்” என்றார். கார்ப் கழற்றப்பட்டது. பிறகு பிளக், பிளக் வயர், காயில் (பேட்டரி கரண்டைப் பிளக்குக்கு ஏற்றபடி கூட்டிக் கொடுப்பது) என்று ஒவ்வொன்றாகப் பில்லில் ஏறியது. பில் என்றால் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. முத்திரை இல்லை, எந்தச் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற பிரிவும் இல்லை. “ஹைவே வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டோம், இப்ப டிப்டாப்” என்றார். மீட்டரைப் பார்த்தேன். நான் விட்டபோது எடுத்த படத்தில் இருந்த அதே எண். கார் பட்டறை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

அன்று வீடு வரும் வழியிலேயே மிஸ்ஸிங். மறுபடி கேட்டதற்கு, “வால்வு போச்சு பாஸ், ஓவர்ஹால் பண்ணணும், 4,500 ஆகும்.” கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. வால்வு சீட் தேய்ந்த இன்ஜின் ஐடிலிலேயே ஆடும், எந்நேரமும் ஆடும். பத்து நிமிடம் கெட்டு, பிறகு இருபது நிமிடம் நன்றாக ஓடுவது என்பது நடக்காது. இது தெரியாமல் ஒருவர் பட்டறை நடத்த முடியாது.

கடைசியில் நம் டவுனிலேயே, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, “தம்பி, முழுசா மிதிச்சா சரியாயிடுதா?” என்றுதான். ஆமாம் என்றதும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை (இன்ஜினின் உறிஞ்சு சக்தியைக் கொண்டு போகும் ரப்பர் குழாய்) பிடுங்கி, இன்ஜின் பக்கத்து முனையில் ஒரு திருகாணியைச் சொருகி அடைத்து, ஓட்டிவிட்டு வரச் சொன்னார். கோலகங்சார் ரோட்டில் போய்த் திரும்பினேன். ஒரு தடவைகூட வெட்டவில்லை.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்தி, சாவியைப் போட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் நெகட்டிவுக்கும் நடுவில் சின்ன பல்ப் ஒன்றை மாட்டினார். பல்ப் எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பியது, பல்ப் அணைந்தது. வாயை எடுத்தார், மறுபடி எரிந்தது. கோளாறு, பாயிண்டுக்குப் போய் தட்டோடு சேர்ந்து அசையும் ஒரு சின்ன வயரில்தான். மேல் உறை அப்படியே இருந்தது, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. கழற்றி இரண்டு பக்கமும் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது.

ஐடிலில் அந்த ஹோஸில் வேக்குவம் வருவதில்லை. முழுசாக மிதித்தாலும் வேக்குவம் விழுந்துவிடும். லேசான பெடலில்தான் தட்டு திரும்பி, அறுந்த முனைகள் விலகும். நான் தாளில் எழுதிக் கொடுத்ததே பாதி விடை. மெல்லிய பல இழைகள் கொண்ட மிருதுவான வயர் போட்டார் (சாதாரண வயர் போட்டால் அசைந்து அசைந்து மறுபடி அறுந்துவிடுமாம்), பாயிண்ட் இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்கு வைத்தார், 30 வெள்ளி வாங்கினார். அவ்வளவுதான்.

கார்புரேட்டர் விஷயம் வெளியே வந்ததும் அங்கேதான். “இது உங்க கார்ப் இல்லையே” என்றார். பேர் இல்லாத புது நகல். அடியில் பொருந்தாததால் இரண்டு கேஸ்கெட் அடுக்கியிருந்தார்கள். பட்டறைக்கு ஃபோன் போட்டால், “பழசு குப்பை பாஸ், பெசி பூரோக் லோரிக்காரன் எடுத்துட்டான்.” ஒரிஜினல் ஹிட்டாச்சியைத் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதைப் பழைய இரும்பு லோரியில் தூக்கிப் போட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை.

ஆகவே, பட்டறையில் விடும் முன் கார்ப், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், மீட்டர் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் சாமான் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். சாமான் மாற்றும் முன் பெட்ரோல் கோளாறா, கரண்ட் கோளாறா என்று பார்த்தீர்களா எனக் கேளுங்கள். காயிலிலிருந்து வரும் நடு வயரில் டைமிங் லைட்டை (கரண்ட் பாயும்போதெல்லாம் மின்னும் விளக்கு) மாட்டி, மிஸ்ஸிங் வரும் நேரத்தில் வெளிச்சமும் விட்டுப் போகிறதா என்று பார்த்தால் போதும். போனால் கார்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

பணம் போனவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். நான் துண்டுச் சீட்டையும் மீட்டர் படங்களையும் வைத்துப் பதிந்திருக்கிறேன்.

இன்னொன்று. யாராவது உங்களிடம் 120ஒய் ஹிட்டாச்சி கார்ப் விற்க வந்தால், பெட்ரோல் மட்டம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தைப் பாருங்கள். ஒரு திருகாணி மட்டும் பித்தளையாக, தலையில் குறுக்கே அரத்தால் போட்ட ஒரு கீறலோடு இருந்தால் அது என்னுடையது. எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.