பெத்தாச்சி ‘தாச்சி’யானதைப் பதிய: கிராம்ப்ஸ் மென்பொருள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைக் கணினியில் ஏற்றுவதற்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில் கிராம்ப்ஸைத்தான் முதலில் சொல்லவேண்டும். பெத்தாவின், அதாவது பாட்டியின், பட்டப்பெயருக்கு ஒரு கட்டமும், அந்தப் பெயர் பிறகு வீட்டுக்கே ஒட்டிக்கொண்டால் அதற்கு வேறொரு கட்டமும் அதில் உண்டு. இது சின்ன விசயமில்லை.

இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. அக்கா தங்கைகள் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்கு மூன்று நான்கு அம்மம்மாக்கள். பிரித்துச் சொல்ல ஊர் வரும்: கல்லாத்து அம்மம்மா. தொழில் வரும்: பாய்க்காரப் பெத்தா. இல்லாவிட்டால் மூத்த பேரப்பிள்ளையின் மழலை வரும். ‘பெத்தாச்சி’ சொல்ல வாய் வராத பிள்ளை ‘தாச்சி’ என்கிறது என்று வையுங்கள். பின்னால் பிறந்தவர்களுக்கு அதுவே பெயர். பூட்டப்பிள்ளைகள் காலத்தில் “பலகாரம் சுட்டுச் சுட்டே தாச்சி எண்டு பேர் வந்த” என்று புதுக் காரணம் முளைக்கும், தாச்சி என்றால் எண்ணெய்ச் சட்டியும்தானே. வளவு ‘தாச்சி வீடு’ ஆகிவிடும். பதிவுப்பெயர் பலருக்கு மரண அறிவித்தலில்தான் தெரியவரும், அதுவும் ‘தாச்சி என அழைக்கப்படும்’ என்ற வரியோடு.

கிராம்ப்ஸில் ஆளின் பக்கத்தைத் திறந்ததும் ‘நிக் நேம்’ கட்டம் கண்ணில் படும். தாச்சி அதற்குள் போகவேண்டும். பக்கத்தில் ‘கால் நேம்’ என்று ஒன்று இருக்கிறது. பலர் பட்டப்பெயரை அங்கே எழுதிவிட்டு, கட்டம் ஏன் சிவப்பாகிறது என்று குழம்புகிறார்கள். பதிவுப்பெயருக்குள் அடங்கிய ஒரு பகுதிக்கு மட்டுமே அந்தக் கட்டம். ‘ஃபமிலி நிக் நேம்’ முதல் பக்கத்தில் தெரியாது, பெயருக்கான தனி ஜன்னலைத் திறந்தால்தான் வரும். மகள்மாருக்கும் பேத்திமாருக்கும் ‘தாச்சி வீடு’ என்று அங்கே எழுதுங்கள். அது தானாக அடுத்த தலைமுறைக்கு இறங்காது. ஒவ்வொருவருக்கும் கையால் போடவேண்டும். வாய்ப்பேச்சில் அந்தப் பெயர் மகன்மாரோடு வேறு வீட்டுக்குப் போனதா இல்லையா என்பதைக் கேட்டுத்தான் எழுதவேண்டும் என்பதால், இதை ஒரு குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

உண்மையான தொல்லை ‘சர்நேம்’ கட்டத்தில். நமக்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் பெயர். புதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது மென்பொருள் தகப்பனின் சர்நேமை எடுத்துப் பிள்ளைக்குப் போடும். அங்கே இருப்பது அப்பப்பாவின் பெயர் என்பதால் ஒரு தலைமுறை பிசகிவிடும். முதலாவது ஆளை ஏற்றுவதற்கு முன்பே அமைப்புகளில் சர்நேம் ஊகத்தை நிறுத்துங்கள். தகப்பன் பெயரை எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ‘ஒரிஜின்’ (மூலம்) கட்டத்தில் ‘பேட்ரோனிமிக்’ (தகப்பன் பெயரால் வந்தது) என்று தெரிவு செய்யுங்கள். தாய்வழிக் குலமான குடியை, அது காலிங்கா குடியோ படையாண்ட குடியோ, ‘மேட்ரிலீனியல்’ (தாய்வழி) என்ற மூலத்தோடு இரண்டாவது சர்நேமாகவும் போட இடமுண்டு. ஆனால் அச்சிடும் பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். ‘குடி’ என்று ஒரு பண்பை (‘அட்ரிபியூட்’) நீங்களே உண்டாக்கி அதில் எழுதுவது துப்புரவு. தாயின் குடிதான் பிள்ளைக்கு என்பதை மறவாமல் போடவேண்டியதும் நீங்கள்தான்.

பெயருக்குத் திகதி போடும் வசதி அருமை. வயதானவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், “சூறாவளிக்கு முந்தி” என்பார்கள். அந்தச் சூறாவளி அடித்த 1978 நவம்பர் 23க்கு ‘முன்’ என்றே பதியலாம். ஊகித்து ஓர் ஆண்டை எழுதத் தேவையில்லை. அதே ஜன்னலில் குறிப்புக்கும் ஆதாரத்துக்கும் இடமிருக்கிறது. மழலைக் காரணத்தைச் சொன்னவர் மூத்த பேரன், பலகாரக் காரணத்தைச் சொன்னவர் பூட்டப்பிள்ளை என்று இரண்டையும் தனித்தனி ஆதாரமாக ஏற்றி, நம்பகத்தன்மையையும் குறியுங்கள். ஒன்றை அழித்து மற்றதை மட்டும் வைத்தால், பெயர் எப்படி உருமாறியது என்பதே தொலைந்துபோகும். ‘தாச்சி’யைத் திருத்தி ‘பெத்தாச்சி’ என்று எழுதுவதும் அதே பிழை.

குரல்பதிவையும் ஆளோடு இணைக்கலாம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மென்பொருள் ஒலிக்கோப்பைத் தனக்குள் எடுத்து வைப்பதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைக்கும். கோப்புறையை நகர்த்தினால், பெயரை மாற்றினால், பெத்தாட குரல் திறக்காது. எல்லா ஒலியையும் ஒரே கோப்புறையில் போட்டுவிட்டுப் பிறகு இணையுங்கள்.

விண்டோஸ், மக், லினக்ஸ் கணினிகளில் ஓடும். போனில் ஓடாது, போன் மட்டுமே உள்ள வீட்டுக்கு இது பெரிய இடைஞ்சல். அப்படிப்பட்டவர்களுக்கு ஃபமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் அங்கே இறந்தவரின் பக்கத்தை எவரும் திருத்தலாம். நான்கு தலைமுறை பொத்திவைத்த பெயரை முன்பின் தெரியாத ஒருவர் மாற்றக்கூடிய இடத்தில் வைப்பதை ஏற்கமுடியவில்லை.

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரருக்கு அனுப்பும்போது ‘கிராம்ப்ஸ் எக்ஸ்எம்எல் பக்கேஜ்’ வடிவத்தையே தெரிவு செய்யுங்கள், ஒலியும் சேர்ந்து போகும். உடற்குறையைச் சுட்டி வந்த பட்டப்பெயர்கள் இருந்தால் அதற்கு முன் பூட்டுக் குறியை அழுத்தி, தனிப்பட்ட பதிவுகளைச் சேர்க்கவேண்டாம் என்பதற்கும் சரி போட்டுவிடுங்கள்.