வைர அட்டிகை: மூடிய பதிப்பா, திறந்த பதிப்பா?

பாட்டியின் அட்டிகையைப் போல வைரக் கல்லை அடி மூடிய பதிப்பில் பதிப்பதா, அடி திறந்த பதிப்பில் பதிப்பதா என்று கல்யாண வீடுகளில் பலரும் தவிக்கிறார்கள்.

ஒளி: மூடியதில் கல்லின் அடியைத் தங்கத் தகடு மறைக்கிறது. திறந்ததில் அடியிலிருந்தும் வெளிச்சம் புகும். பின்பக்கத்தைத் திருப்பிக் கல்லைச் சோதிக்கலாம்.

தங்கம்: மூடியது எடை கூடியது. திறந்தது பெரும்பாலும் 18 காரட். 22 காரட்டைவிடக் கடினம் என்பதால் கல்லைப் பிடிக்கும் சிறு தங்க நகங்களான கவ்விகள் மெல்லியதாக இருந்தாலும் இறுகப் பிடிக்கும்.

பராமரிப்பு: இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. வைரத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் ஒட்டும். திறந்ததைச் சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மூடியதில் தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே நீர் கசிந்தால் கல் மங்கிவிடும். ஆசாரி பிரித்துத்தான் துடைக்க வேண்டும்.

உடுத்தல்: தூக்கிய கவ்வி பட்டு நூலை இழுக்கும். வாங்குமுன் விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

விசேஷங்களுக்கு மட்டும் அணியும் அட்டிகைக்கு மூடியதே அழகு. அந்தக் கம்பீரம் மற்றதில் வராது. அடிக்கடி அணிய திறந்தது. தினமும் இடிபடும் பிரேஸ்லெட்டுக்குக் கவ்வி வேண்டாம். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பும் திறந்த அடியும் கேட்டு வாங்குங்கள்.