வீடு தேடிச் செல்வதா, கிளினிக்குக்கு வரச் சொல்வதா?

சமூக மனநலச் செவிலியர் நோயாளியைக் கிளினிக்கிலும் பார்க்கலாம், வீட்டிலும் பார்க்கலாம். இரண்டும் ஒரே வேலை அல்ல.

கிளினிக்கின் பலம் கண்காணிப்பு. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். மனச்சிதைவு நோய்க்கான, நீண்ட நாள் வேலை செய்யும் ஒலான்சபின் ஊசி போட்டால் 3 மணி நேரமாவது உட்காரவைத்துக் கவனிக்க வேண்டும். இதை வீட்டில் செய்வது சரிப்படாது.

ஆனால் "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கிளினிக்கில் கேட்டால் தலையாட்டல்தான் பதில். வீட்டிலோ, மேசை இழுப்பறையில் போன மாத அட்டை பிரிக்கப்படாமல் கிடக்கும். பகலிலும் மூடியிருக்கும் திரைச்சீலை, குவிந்த பாத்திரங்கள், தூக்கமில்லாத அம்மாவின் கண்கள் எல்லாம் எந்தப் படிவத்திலும் வராதவை. முக்கியமான பேச்சும் விடைபெற்றுச் செருப்பை மாட்டும்போதுதான் வரும். (அதனால் அவசரமாக மாட்டாதீர்கள்.)

வீட்டுப் பயணம் நேரத்தைத் தின்னும். முதல் சந்திப்புக்கு இருவராகப் போவது நல்லது. அக்கம்பக்கத்தார் "யார் வந்தது?" என்று கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்பதை நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களுக்கு வீடுதான். தற்கொலை ஆபத்து மிகுந்த காலம் அது. நிலை தேறியபின் கிளினிக்குக்கு மாற்றலாம். குளித்து, உடைமாற்றி, வாசலைத் தாண்டுவதே சிலருக்குச் சிகிச்சையின் பாதி.